புகை அடிச்சும் கொசு ஏன் குறையலை? நகரம், எண்ணிக்கை, பரிணாமம்: ஒரு கொசுக் கணக்கு

மழை விட்டு பத்து நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் தெருவுக்குள் புகை வண்டி வரும். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வீடுகளை மூடும். பெரியவர்கள் கதவு, ஜன்னலைச் சாத்துவார்கள். சின்னப் பசங்க வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவார்கள். ரெண்டு நாள் கடி குறைந்த மாதிரி இருக்கும். மூணு வாரத்தில் பழையபடி கை, கால் எல்லாம் தடிப்பு. "மருந்துல தண்ணியைக் கலந்துடுறாங்க சார்" என்பது இதற்கு நம்ம ஊரில் கிடைக்கும் வழக்கமான விளக்கம்.

மருந்து நூறு சதவீதம் சுத்தமாக இருந்தாலும் இதேதான் நடக்கும் என்பதுதான் விஷயம். அது ஏன் என்று புரிய மூன்று பாடங்களை ஒன்றாகப் படிக்க வேண்டும்: நகரம் எப்படி வளர்கிறது, ஓர் உயிரினத்தின் எண்ணிக்கை எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது, பரிணாமம் எவ்வளவு வேகமாக நடக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்றும் வேறு வேறு புத்தகம். கொசுவுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

சும்மா அறிவியல் ஆர்வத்துக்காக மட்டும் இதைப் பேசவில்லை. 2012-ல் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 66 பேர் இறந்தனர். 2017-ல் பாதிப்பு 23 ஆயிரத்தைத் தாண்டியது, இறப்பு 65. இவை அரசுக் கணக்கில் ஏறியவை மட்டும்.

கூவம் கொசு வேற, டெங்கு கொசு வேற

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நகரத்தில் 'கொசு' என்று ஒன்று இல்லை. குறைந்தது மூன்று இருக்கின்றன.

ராத்திரி காதோரம் ரீங்காரம் போட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, கூவம் மாதிரி தேங்கிய அழுக்குத் தண்ணீர்தான் அதன் வீடு. யானைக்கால் நோயைப் பரப்புவது இது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி இதற்கு நேரெதிர். பகலில் கடிக்கும். வீட்டைச் சுற்றியுள்ள டிரம், பூந்தொட்டித் தட்டு, டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் டிரே, மாநகராட்சி அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெறும் அந்த ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை என ஓரளவு தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். மூன்றாவது, நகர மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. கிணறும் மொட்டை மாடித் தொட்டியும் அதற்குப் பிடித்த இடங்கள். தமிழ்நாட்டின் மலேரியா பாதிப்பில் பெரும்பங்கு பல ஆண்டுகள் சென்னையில்தான் பதிவானது. கிராமத்து நோய் என்று நினைக்கப்பட்ட மலேரியா இங்கே நகரத்து நோயாக இருந்ததற்கு இந்தக் கொசுதான் காரணம்.

ஒவ்வோர் உயிரினமும் தனக்கென ஒரு பிழைப்பு வைத்திருக்கும். எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது, எப்போது வெளியே வருவது என்று. சூழலியலில் இதைச் 'சூழலிடம்' என்பார்கள். நகரம் கட்டும்போது நமக்கு மட்டும் வீடு கட்டுவதாக நினைத்துக்கொள்கிறோம். சாக்கடையோடு சேர்த்து ஒரு சூழலிடம், சின்டெக்ஸ் டேங்கோடு சேர்த்து இன்னொன்று என்று வேறு சிலருக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால், "எங்க தெருவுல சாக்கடையே இல்லை, எப்படி டெங்கு வந்துச்சு?" என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதே வீட்டின் மொட்டை மாடியில் இருக்கும்.

1838: ஒரே ஆண்டு, இரண்டு பேர்

ஓர் ஏடிஸ் பெண் கொசு ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை இடும். அதில் பாதி பெண் என்று வைத்தால் 50. அவை ஒவ்வொன்றும் 50 பெண்களைத் தந்தால் 2,500. அடுத்த தலைமுறையில் 1,25,000. முட்டை கொசுவாக மாற நம்ம ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆக, ஒன்றேகால் லட்சத்துக்கு ரெண்டு மாதம்கூட முழுசாகத் தேவையில்லை. ஆனால் நிஜத்தில் இப்படி நடப்பதில்லை. ஏன்?

மனித மக்கள்தொகையை வைத்து இந்தக் கேள்வியை 1798-ல் கிளப்பியவர் இங்கிலாந்தின் தாமஸ் மால்தஸ். எண்ணிக்கை பெருக்கிக்கொண்டே போகும், உணவு அப்படிப் பெருகாது என்பது அவர் வாதம். மனிதர்கள் விஷயத்தில் அவர் சொன்னது எந்த அளவுக்குச் சரி என்பது தனிச் சண்டை. அந்தப் புத்தகம் என்ன வேலை செய்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 1838-ல் பெல்ஜியத்தின் கணிதவியலாளர் பியர் வெருல்ஸ்ட், எண்ணிக்கை முதலில் வேகமாக ஏறி, பிறகு மெதுவாகி, ஓர் உச்சவரம்பில் நின்றுவிடும் என்று ஒரு சமன்பாடு எழுதினார். பிளஸ் டூ விலங்கியலில் ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணிய 'எஸ்' வடிவ வளைவு இதுதான். அந்த உச்சவரம்புக்குத் 'தாங்குதிறன்' என்று பெயர். ஓர் இடம் தன்னிடம் உள்ள உணவையும் இடத்தையும் வைத்து எத்தனை பேரைத் தாங்கும் என்பதன் அளவு.

அதே 1838-ல் லண்டனில் மால்தஸைப் படித்த இன்னொருவர் சார்லஸ் டார்வின். அவருக்குத் தோன்றிய கேள்வி வேறு. பிறப்பவை எல்லாம் பிழைக்கப் போவதில்லை என்றால், பிழைப்பவை எவை? இயற்கைத் தேர்வு என்ற கருத்து அங்கிருந்து வடிவம் பெற்றது.

எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பது வெருல்ஸ்ட் கேள்வி. யார் பிழைப்பார்கள் என்பது டார்வின் கேள்வி. புகை வண்டி தோற்பது இந்த இரண்டு கேள்வியிலும்தான்.

முதல் தோல்வி: தொட்டி காலியாகவில்லை

ஒரு பேச்சுக்கு, உங்கள் தெருவில் 1,000 கொசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் பத்தில் ஒரு பங்கு சாகிறது. அதாவது 100. ஆனாலும் எண்ணிக்கை மாறாமல் இருக்கிறது என்றால், தெருவில் உள்ள டிரம், தொட்டிகளிலிருந்து தினமும் 100 புதுக் கொசுக்கள் கிளம்புகின்றன என்று அர்த்தம். இப்போது புகை அடிக்கிறோம். அசாத்திய வெற்றி, 900 காலி. மிச்சம் 100.

ஆனால் புகை தண்ணீருக்குள் போகாது. தொட்டியிலிருந்து நாளைக்கும் 100 கிளம்பும், நாளை மறுநாளும் 100. கூட்டிக் கழித்துப் பாருங்கள். பத்தாவது நாளில் எண்ணிக்கை 700-ஐ நெருங்கிவிடும். மூன்றாவது வாரத்தில் 900. அவ்வளவுதான் அந்தப் புகையின் ஆயுள்.

இப்போது புகையே அடிக்காமல், தெருவில் உள்ள தொட்டிகளில் பாதியை மட்டும் நன்றாக மூடினால்? தினமும் கிளம்புவது 50 ஆகிவிடும். முதல் நாள் எந்த வித்தியாசமும் தெரியாது. யாரும் போட்டோ எடுத்துப் போட மாட்டார்கள். ஆனால் மூன்று வாரத்தில் எண்ணிக்கை சுமார் 550-க்கு இறங்கியிருக்கும், பிறகு 500-ல் போய் நிற்கும். மூடி திறக்காத வரை அங்கேயே நிற்கும்.

இது எளிமைப்படுத்திய கணக்கு. நிஜக் கொசுக்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. ஆனால் வித்தியாசம் எங்கே என்பது இதில் தெளிவாகத் தெரியும். புகை எண்ணிக்கையைக் குறைக்கிறது. மூடி தாங்குதிறனைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே வேலை இல்லை.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரு டிரம்மில் 500 புழு நெளிகிறது என்றால் எல்லாமே கொசுவாகாது. தின்ன இருக்கும் அழுகல் இலையும் நுண்ணுயிரும் எல்லாருக்கும் போதாது. பட்டினியில் பாதி சாகும், தேறுவதும் சோனியாகத் தேறும். இந்த நிலையில் அரைகுறையாக மருந்து ஊற்றிப் பாதிப் புழுவைக் கொன்றால், மிச்சப் பாதிக்குச் சாப்பாடு தாராளம். நன்றாகத் தின்று கொழுத்து, கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் கொசுக்கள் வெளியே வரலாம். சில சூழல்களில் முன்பைவிடக் கூடுதலாகவும் வரலாம். நெரிசலைப் பொறுத்து இறப்பு மாறுவதால் வரும் விளைவு இது. எனவே புழுவைப் பொறுத்தவரை அரைகுறை வேலை என்பது சில நேரம் கொசுவுக்குச் செய்யும் உதவி.

புகைக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு தெருவில் நாலு வீட்டில் டெங்கு இருக்கும்போது, ஏற்கெனவே வைரஸைச் சுமந்து திரியும் கொசுக்களை உடனே கொல்ல வேறு வழி குறைவு. அது அவசர சிகிச்சை. அதிலும் ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலடியிலும், தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். நாமோ புகை வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிடுகிறோம்.

தாங்குதிறனை யார் கூட்டினார்கள்?

தமிழ்நாட்டில் 2001-ல் நூற்றுக்கு 44 பேர் நகரவாசிகள். 2011 கணக்கெடுப்பில் 48-க்கும் மேல். அதே 2011-ல்தான் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வரைபடத்தில் கோடு ஒரே நாளில் நகர்ந்துவிட்டது. குழாய் அப்படி நகரவில்லை. புதிதாகச் சேர்ந்த பல இடங்களில் வீட்டுக்கு வீடு குடிநீர் இணைப்பு அப்போது கிடையாது. லாரித் தண்ணீர், சம்ப், டிரம், குடம்.

நகர வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது மக்கள் அடர்த்தியைத்தான் முதலில் சொல்வோம். ஆட்கள் நெருக்கமாக இருந்தால் நோய் பரவும் என்று. டெங்கு விஷயத்தில் அது பாதிக் கதை. வியட்நாமின் கான் ஹோவா மாகாணத்தில் சுமார் 75 ஆயிரம் வீடுகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் ஆபத்து அதிகமாக இருந்தது நெரிசல் மிகுந்த நகர மையத்தில் இல்லை. சதுர கிலோமீட்டருக்கு 3,000 முதல் 7,000 பேர் வரை வாழும், குழாய்த் தண்ணீர் போதாத பகுதிகளில்தான். பெரிய கிராமமும் புறநகரும் கலந்த மாதிரி இடங்கள். ஆட்கள் போதுமான அளவு நெருக்கம், தண்ணீரோ சேமித்துத்தான் ஆக வேண்டும். இரண்டும் சேரும் அந்தப் புள்ளிதான் ஏடிஸுக்குச் சொர்க்கம். நம்ம ஊரில் அப்படிப்பட்ட இடங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும்.

வறட்சியில் கொசு குறையும் என்று நினைப்பதும் இதே காரணத்தால் தப்பு. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டன. ஏரி வறண்டால் வீட்டில் டிரம் கூடும். மழைக்காலத்தில் ஊரெல்லாம் தண்ணீர், வெயில் காலத்தில் வீடெல்லாம் தண்ணீர். கொசுவுக்கு இரண்டுமே சம்மதம்.

இதனால்தான் வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பவர்மீது மட்டும் பழி போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்றே தெரியாத வீட்டில் 'டிரம் வைக்காதே' என்று சொல்ல முடியுமா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு காலத்தில் ஏடிஸ் எஜிப்டி இருந்தது. 1950-களோடு அங்கே அது காணாமல் போனது. வீட்டு மழைநீர்த் தொட்டிகளின் இடத்தைக் குழாய்த் தண்ணீர் பிடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. டெங்கு ஒழிப்பு என்றால் சுகாதாரத் துறை என்று நினைக்கிறோம். குடிநீர் வாரியத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

காட்டில் இருந்தது எப்படி நம்ம வீட்டுக்கு வந்தது?

இனி டார்வின் கேள்வி. ஏடிஸ் எஜிப்டியின் பூர்விகம் ஆப்பிரிக்கக் காடு. மரப் பொந்தில் தேங்கும் தண்ணீரில் முட்டையிட்டு, கிடைத்த விலங்கைக் கடித்துப் பிழைத்த கொசு. அந்தப் பழைய வகை ஆப்பிரிக்காவில் இன்னும் இருக்கிறது. மனித வாடை மேல் அதற்குப் பெரிய மோகம் கிடையாது.

பிறகு என்ன ஆனது? மரபணு ஆய்வுகள் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியைக் காட்டுகின்றன. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி வறளத் தொடங்கியது. நீண்ட கோடையில் மரப் பொந்துகள் காய்ந்துவிடும். மிச்சமிருந்த தண்ணீர், மனிதர்கள் பானையில் பிடித்து வைத்ததுதான். அந்தப் பானையைத் தேடி வந்த கொசுவுக்குப் பக்கத்தில் கிடைத்த ரத்தமும் மனித ரத்தம். மனித வாடையை விரும்பியவை அதிகம் பிழைத்தன, அதிகம் முட்டையிட்டன. தலைமுறை தலைமுறையாக அந்த விருப்பம் கூடியது. பிறகு அடிமை வணிகக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அமெரிக்கக் கண்டத்துக்கும், அங்கிருந்து கடல் வணிகம் வழியாக உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குப் பானை, இன்றைக்கு டிரம். கோடை கடுமையானதால் தண்ணீர் பிடித்து வைத்தோம், அந்தத் தண்ணீர் ஒரு காட்டுக் கொசுவை வீட்டுக் கொசுவாக மாற்றியது. நாய், பூனையைப் பழக்கியதாகப் பெருமைப்படுகிறோம். இதையும் ஒரு வகையில் நாம்தான் பழக்கியிருக்கிறோம், கேட்காமலேயே.

கதை முடிந்துவிடவில்லை. நோவா ரோஸ், கரோலின் மெக்பிரைட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து ஏடிஸ் முட்டைகளை எடுத்து வளர்த்து, மனித வாடையையும் விலங்கு வாடையையும் காட்டி எதைத் தேடிப் போகிறது என்று பார்த்தார்கள். கோடை நீளமான ஊர்களின் கொசுக்களும், ஆட்கள் நெருக்கமாக வாழும் நகரத்துக் கொசுக்களும் மனிதனை அதிகம் நாடின. நகரங்கள் பெருகும் வேகத்தைப் பார்த்தால் 2050-க்குள் அங்குள்ள பல பெருநகரங்களில் இந்த நாட்டம் இன்னும் கூடலாம் என்பது அவர்கள் கணிப்பு.

பரிணாமம் என்றாலே டைனோசர் காலத்து விஷயம் என்ற நினைப்பு நமக்கு இருக்கிறது. ஆனால் போர்ட்டோ ரிக்கோ நகரங்களில் வாழும் ஒரு வகை ஓணான் இனத்துக்கு, காட்டில் வாழும் அதே இனத்தைவிடக் கால் நீளம். வழுவழுப்பான சுவரில் ஏற அது உதவுகிறது. பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் நடைபாதை மரங்களின் அடியில் முளைக்கும் ஒரு சின்னச் செடி, காற்றில் பறக்கும் விதையைக் குறைத்து, அங்கேயே விழும் கனமான விதையைக் கூட்டியிருக்கிறது. பறந்தால் கான்கிரீட்டில்தான் விழ வேண்டும். இந்த மாற்றத்துக்குச் சுமார் 5 முதல் 12 தலைமுறைகளே ஆகியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். நகரம் ஒரு வேகமான வாத்தியார்.

இரண்டாவது தோல்வி: மருந்தே தேர்வு நடத்துகிறது

மறுபடி நம்ம தெருவின் 1,000 கொசு. அதில் பத்துக்கு மட்டும் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். மருந்து அவற்றை ஒன்றும் செய்வதில்லை. நூற்றில் ஒன்று, யாரும் கவனிக்கப் போவதில்லை. புகை அடிக்கிறோம். சாதாரணக் கொசுக்கள் 990-ல் 99 மிஞ்சுகின்றன, அந்தப் பத்தும் அப்படியே இருக்கின்றன. இப்போது அவற்றின் பங்கு 9 சதவீதம். தெரு மறுபடி 1,000 கொசுவாக நிரம்பியதும் இன்னொரு தடவை அடிக்கிறோம். பங்கு 50 சதவீதம். மூன்றாவது தடவை 91. மரபணு கலப்பதையும் பக்கத்துத் தெருக் கொசு வருவதையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் இன்னும் மெதுவாக நடக்கும். ஆனால் போகும் திசை இதுதான்.

இங்கே ஒரு நுணுக்கம். மருந்து எந்தக் கொசுவையும் 'பழக்கப்படுத்துவது' இல்லை. எந்தக் கொசுவும் குடித்துக் குடித்துத் தேறுவதும் இல்லை. ஏற்கெனவே இருந்த வித்தியாசத்தில் யார் மிஞ்சுவது என்பதை மருந்து முடிவு செய்கிறது. அவ்வளவே இயற்கைத் தேர்வு.

பைரெத்ராய்டு வகை மருந்துகள் கொசுவின் நரம்பில் சோடியம் போய்வரும் வாசலைப் பூட்ட விடாமல் செய்து கொல்கின்றன. அந்த வாசலை உருவாக்கும் மரபணுவில் ஓரிரு எழுத்து மாறினால் மருந்து அங்கே ஒட்டாது. இத்தகைய மாற்றங்கள் இந்திய ஏடிஸ் கொசுக்களிலும் கண்டறியப்பட்டுள்ளன. நாம் வீட்டில் செருகி வைக்கும் லிக்விட், கொளுத்தும் சுருள் ஆகியவற்றிலும் பெரும்பாலும் இதே குடும்பத்து மருந்துதான். அதாவது இந்தத் தேர்வை மாநகராட்சி மட்டும் நடத்தவில்லை. தினமும் ராத்திரி நம்ம பிளக் பாயின்ட்டிலும் நடக்கிறது.

நம்ம ஊர்க் கொசு ஆப்பிரிக்கா போன கதை

மொட்டை மாடித் தொட்டிக் கொசு ஸ்டீஃபன்சியை நினைவிருக்கிறதா? தெற்காசியாவையும் மேற்காசியாவையும் சேர்ந்த அது, 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. ஜிபூட்டி கப்பல் போக்குவரத்து மிகுந்த துறைமுக நகரம். அந்த ஆண்டு அந்த நாட்டில் பதிவான மலேரியா வெறும் 27 பேருக்கு. கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள். 2020-ல் அது 73 ஆயிரத்தைத் தாண்டியது. எல்லாப் பழியையும் இந்தக் கொசு மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் அந்த வரிசை உலக சுகாதார நிறுவனத்தைக் கவலைப்பட வைத்தது. அடுத்து எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா என்று பட்டியல் நீண்டது.

ஆப்பிரிக்காவின் மலேரியாத் தடுப்பு கிராமத்துக் கொசுவை மனதில் வைத்து உருவானது. படுக்கும்போது கொசுவலை, வீட்டுச் சுவரில் மருந்து. அங்குள்ள நகரங்கள் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை, ஏனென்றால் உள்ளூர் அனாஃபிலிஸ் கொசுக்களுக்கு நகரத் தண்ணீர் அவ்வளவாக ஒத்துவராது. ஸ்டீஃபன்சி அந்தக் கணக்கை உடைக்கிறது. அது நகரத்துக்கென்றே பழகியது, பல மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறனையும் சுமந்து வந்தது. 2020-ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, இது முழுவதுமாகப் பரவினால் ஆப்பிரிக்க நகரங்களில் 12.6 கோடிப் பேர் புதிதாக மலேரியா ஆபத்துக்குள் வருவார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று கொடுத்தது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னார்க் கிணறுகளில் ஸ்டீஃபன்சி கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும். கொசு வந்ததால் மட்டும் மலேரியா திரும்பி வந்துவிடாது, கிருமியும் வர வேண்டும். ஆனால் கதவு திறந்துவிட்டது.

கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டுமா?

வேண்டாம். இதைச் சொன்னவர் ரொனால்ட் ராஸ். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர். அந்த நாள்தான் உலகக் கொசு தினம். அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொசுவை முழுசாக ஒழிக்க முடியாது, எனவே மலேரியாவையும் ஒழிக்க முடியாது என்று அப்போது பலர் வாதிட்டார்கள். ராஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். கொசு எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போனால் போதும், ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்குக்கூடப் புதிதாகத் தொற்றாது, நோய் தானாக அடங்கும் என்று. கொரோனா காலத்தில் டிவியில் தினமும் கேட்ட 'ஆர்' எண்ணின் முன்னோடிகளில் ஒன்று இந்தக் கொசுக் கணக்கு.

சரி, அந்த வரம்பு எங்கே? இந்தக் கேள்விக்கு சிங்கப்பூர் ஒரு சங்கடமான பதில் தருகிறது. 1960-களில் அங்கே நூறு வீட்டுக்குக் கிட்டத்தட்ட 50 வீடுகளில் ஏடிஸ் புழு இருந்தது. சட்டம், அபராதம், வீடு வீடாகச் சோதனை என்று அதை 1980-களில் இரண்டு வீடுகளுக்கு இறக்கினார்கள். டெங்குவும் இறங்கியது. பிறகு கொசு அதே அளவில் குறைவாக இருக்கும்போதே டெங்கு மறுபடி ஏறியது. 2020-ல் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதிப்புகள்.

காரணம், வரம்பு கல்வெட்டில் பொறித்த எண் இல்லை. ஒரு தலைமுறையே டெங்கு படாமல் வளர்ந்ததால் அவர்களிடம் எதிர்ப்புச் சக்தி இல்லை. எரியாமல் சேர்ந்த விறகு மாதிரி. குறைவான கொசுக்களே பரப்பப் போதுமானதாகிவிட்டது. வெற்றிதான் அடுத்த ஆபத்தைத் தயார் செய்தது என்பது கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் அதற்காக நூற்றுக்கு 50 வீட்டில் புழு இருந்த காலத்துக்கு யாரும் திரும்பப் போவதில்லை.

கொல்லாமல் மாற்றுவது

பரிணாமத்தோடு மல்லுக்கட்டாமல் அதையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஒரு முயற்சியும் நடக்கிறது. வோல்பாக்கியா என்பது பல பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா. ஏடிஸ் எஜிப்டியிடம் அது இயல்பாக இல்லை. ஆய்வகத்தில் அதைக் கொசுவுக்குள் செலுத்தினால், டெங்கு வைரஸ் அந்தக் கொசுவில் சரியாகப் பெருகுவதில்லை.

சாமர்த்தியம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. பாக்டீரியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் பொரியும், குஞ்சுகளுக்கும் பாக்டீரியா போகும். ஆக, பாக்டீரியா உள்ள பெண்ணுக்கு எப்போதும் அனுகூலம். போதுமான எண்ணிக்கையில் விட்டுவிட்டால் தலைமுறைகளில் ஊர்க் கொசுக்கள் எல்லாமே மாறிவிடும். தாங்குதிறனைத் தொடவே இல்லை, கொசு அப்படியே இருக்கும், கடிக்கவும் செய்யும். நோய் மட்டும் குறையும். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரத்தில் நடந்த பரிசோதனையின் முடிவு 2021-ல் வெளியானது. இந்தக் கொசுக்கள் விடப்பட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது.

இதற்கான இந்தியக் கொசு வகையை உருவாக்கியிருப்பது நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில் இருக்கும் ஐசிஎம்ஆர் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். ஆனால் 'நோயைத் தடுக்க உங்கள் தெருவில் கொசு விடப் போகிறோம்' என்று மக்களிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எனக்கென்னவோ ஆய்வகத்தில் செய்ததைவிட அது கஷ்டமான வேலையாகத் தெரிகிறது. வைரஸும் சும்மா இருக்காது, அதுவும் பரிணமிக்கும் என்ற எச்சரிக்கையும் ஆய்வாளர்களிடையே உண்டு.

அதுவரை டிரம்தான் நம் கையில் இருப்பது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே திரும்பப் பிடித்தால் பிரயோசனம் இல்லை. உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு பிடித்து, இடுக்கில்லாமல் மூட வேண்டும். மூடி இல்லாத டிரம்முக்கு பழைய வேட்டித் துணியைக் கட்டினாலே போதும்.